மூலிகை நாற்றோடு ஆய்வகச் சான்றும் தருகிறார்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

"நாற்றும் நாங்களே தருகிறோம், விளைந்ததையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்ற பேச்சை நம்பிப் பயிரிட்டவர்கள் ஏமாறுவது ஒரே மாதிரிதான் நடக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்ததும் "மருந்துச்சத்து குறைவு" என்று ஒற்றை வரியில் திருப்பிவிடுகிறார்கள். தன் பராமரிப்பில்தான் குறை என்று பயிரிட்டவர் நொந்துகொள்கிறார். பல நேரம் அந்தக் குறை நடவுக்கு முன்பே நாற்றில் இருந்திருக்கும்.

மலேரியா மருந்துக்கான ஆர்டிமிசியா அன்னுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கலப்பின விதையில் வளர்ந்த செடியின் காய்ந்த இலையில் ஆர்டிமிசினின் என்ற மருந்துச்சத்து 1 சதவீதத்தைத் தாண்டும். அந்த வயலில் உதிர்ந்த விதையைச் சேர்த்து விற்றால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, செடிக்குச் செடி அளவு மாறிவிடும். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் விதை இருக்கும். கண்ணால் பார்த்து எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. ஏமாற்றுபவருக்கு அதுவே வசதி.

சீனித்துளசியும் அப்படித்தான். அயல்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் விதை நாற்றுகளின் இனிப்பு சீராக இராது. தேர்ந்த தாய்ச்செடியின் தண்டுத்துண்டோ திசு வளர்ப்புக் கன்றோதான் வேண்டும். தண்டுக்கன்று என்று சொல்லித் தந்தால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். அடியில் வெட்டிய முனையும் அதைச் சுற்றி வேர்க்கொத்தும் தெரிய வேண்டும். வெள்ளை முஸ்லியில் மோசடி இன்னும் வெளிப்படையானது. மொட்டுள்ள தலைப்பகுதியின் ஒரு துண்டாவது ஒட்டியிருந்தால்தான் அதன் விரல் போன்ற வேர்க்கிழங்கு முளைக்கும். உதிரி விரல்களைக் கிலோ கணக்கில் நட்டாலும் மண்ணுக்குள் அழுகும். செங்காந்தள் கிழங்கிலும் நுனி மொட்டு ஒடிந்திருந்தால் அதே கதிதான்.

பெயர் சரியாக இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். வசம்பில் இரண்டு தொகுதி குரோமோசோம் உள்ள வகையில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இல்லை, நான்கு தொகுதி உள்ளதில் அது மிக அதிகம். இரண்டும் வசம்புதான். கீழாநெல்லியிலோ, பார்வைக்கு ஒத்த வேறு இனங்கள் கலந்து வருவது வழக்கம்.

இனி சான்று. எந்தப் பாகம், எந்தச் சரக்குத் தொகுதியின் (batch) எண், ஈரப்பதம் எவ்வளவு, காய்ந்த எடைக்குக் கணக்கிட்டதா, அறுவடையின்போது செடி எந்தப் பருவத்தில் இருந்தது: இவை இல்லாத தாள் உங்கள் நாற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அமுக்கரா வேரில் அதன் மருந்துச்சத்தான விதனோலைடு 5 சதவீதம் என்று ஒரு தாள் காட்டினால் உடனே விலகிவிடுங்கள். வேரில் இயல்பாக இருப்பது பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே. அந்த 5 செறிவூட்டிய சாற்றுக்கு உரிய எண்.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட மூலிகைச் சாகுபடி வழிகாட்டுதலே, விதையும் நடவுப்பொருளும் தருபவர் அவற்றின் அடையாளம், தரம், முடிந்தவரை இனப்பெருக்க வரலாறு ஆகியவற்றைத் தர வேண்டும் என்கிறது. கேளுங்கள். "தொழில் ரகசியம்" என்று மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் நாங்கள் முதலில் தேடுவது அறுவடைத் தேதியை யார் தீர்மானிப்பது என்ற வரியைத்தான். நிலவேம்பைப் பூக்கத் தொடங்கும்போது வெட்ட வேண்டும். வண்டி வரவில்லை என்று மூன்று வாரம் நிற்க வைத்தால் இலை உதிரும், சத்துள்ள பகுதியே போய்விடும். பழி மட்டும் உங்கள் மேல் விழும். தாமதம் அவர்களுடையதானால் இழப்பும் அவர்களுடையது என்று எழுதி வாங்குங்கள்.

மாதிரி எடுப்பது இரு தரப்பும் இருக்கும்போது நடக்க வேண்டும். ஐந்து மூட்டை வரை எல்லாவற்றிலும், ஆறிலிருந்து ஐம்பது வரை ஐந்து மூட்டைகளிலும் எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் அள்ளிக் கலந்து, குவித்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை வைத்துக்கொண்டு, தேவையான அளவுக்குக் குறையும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். கடைசியில் மூன்று உறைகளில் போட்டு இருவரும் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு, மூன்றாவது தகராறு வந்தால் பொது ஆய்வகத்துக்கு.

ஏற்கெனவே சரக்கைத் திருப்பிவிட்டார்களா? மூட்டையை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். பூவும் வேரும் உள்ள இரண்டு மூன்று செடிகளைச் செய்தித்தாளுக்கு இடையில் அழுத்திக் காயவைத்து, தேதி எழுதி வையுங்கள். வந்த நாற்று என்ன இனம் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.