மொத்தமாகவா, பிரித்தா? விமானப் பராமரிப்பில் ஒரு கணக்கு

300 ஏ320 விமானங்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தை நிறுத்திவைத்துச் செய்யும் விரிவான பராமரிப்புச் சோதனையான சி செக் 36 மாதத்துக்கு ஒருமுறை. அதை ஒரே மூச்சில் மொத்தமாக முடிப்பதா, சிறு துண்டுகளாகப் பிரித்துச் செய்வதா என்பதே கேள்வி. முதலில் மொத்தமாகச் செய்வதைப் பார்ப்போம். ஆண்டுக்கு 100 விமானங்கள் ஹேங்கர் எனும் பராமரிப்புக் கூடத்துக்குள் போக வேண்டும். ஒன்றுக்கு 15 நாள் என்றால் மொத்தம் 1,500 நாள். ஐந்து லைன், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து விமானங்களில் வேலை செய்ய இடமும் ஆளும், போதும். ஆனால் விடுமுறை சீசனில் எந்த நிறுவனமும் விமானத்தை உள்ளே விடாது. நான்கு மாதத்தைக் கழித்துப் பாருங்கள், ஏழு லைன் வேண்டும். சீசனில் அவை காலியாகக் கிடக்கும். ஆட்களுக்குச் சம்பளம் மட்டும் போகும்.

மொத்தமாகச் செய்யும் முறையின் பெரிய ஓட்டை இதுதான். இன்னொன்றும் உண்டு. இடம் கிடைக்கும்போது அனுப்ப வேண்டியிருப்பதால், 36-ல் செய்ய வேண்டியதை 33-லேயே செய்துவிடுகிறார்கள். மூன்று மாதம்தானே என்று தோன்றும். 25 ஆண்டு பறக்கும் விமானத்துக்கு அது எட்டு செக்கை ஒன்பதாக்கிவிடும். ஒரே மாதத்தில் வாங்கிய பத்து விமானங்கள் ஒரே மாதத்தில் செக்குக்கு வந்து நிற்கும் தலைவலி தனி.

பிரித்துச் செய்தால் இதெல்லாம் இல்லை. சி செக் வேலைகளைச் சிறு பொட்டலங்களாக்கி அடிக்கடி நடக்கும் சிறு சோதனைகளான ஏ செக்குகளோடு கோத்துவிடலாம். பகலில் விமானம் சம்பாதிக்கும், இரவில் வேலை நடக்கும். காகிதத்தில் அழகான திட்டம். நடைமுறையில், ஒரே பேனலை (மூடித் தகட்டை) நான்கு இரவுகளில் நான்கு முறை கழற்றி மாட்ட நேரும். அதைவிட மோசம், அதிகாலை மூன்று மணிக்குக் கழிவறைத் தரைக்கு அடியில் உலோக அரிப்பு தென்பட்டால் ஆறு மணி விமானம் போகாது. மொத்த செக்கில் அதற்கு நாள் இருக்கிறது. இரவு வேலையில் மணி கூட இல்லை. ஆறாம், பன்னிரண்டாம் ஆண்டுக் கட்டமைப்புச் சோதனைகளை இப்படித் துண்டு போடவும் முடியாது.

என் கட்சி இதுதான்: விமானம் தினமும் இரவில் தாய்த் தளத்துக்குத் திரும்புமானால் சி செக்கைப் பிரியுங்கள், கட்டமைப்புச் சோதனையை மொத்தமாகவே வையுங்கள். எங்கெங்கோ தங்கும் விமானமென்றால் பிரிக்கும் பேச்சே வேண்டாம்.

சொந்த ஹேங்கரா வெளி ஆளா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அமெரிக்காவின் துல்சா நகரில் பெரும் பராமரிப்புத் தளத்தையே நடத்துகிறது. இந்தியாவில் 2020-ல் பராமரிப்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆன பிறகு, உள்நாட்டிலேயே வெளி ஆளிடம் கொடுப்பதும் கட்டுப்படியாகிறது.

மூன்றாவது வழி குறும்பானது: பெரிய செக் வருமுன் விமானத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவது. வாங்கிய விமானத்தை விற்று, அதையே குத்தகைக்கு எடுத்து, சுமார் ஆறு ஆண்டில் விடைகொடுத்து நெடுங்காலம் தன் படையை இளமையாக வைத்திருந்தது இன்டிகோ. ஒப்படைக்கும்போதும் ஒரு சோதனை உண்டு, ஆனாலும் லாபம்தான். பிறகு பிராட் அண்ட் விட்னி எஞ்சின் சிக்கலில், 2024 தொடக்கத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. பழைய விமானங்களின் குத்தகையை நீட்டிக்க வேண்டியதாயிற்று. குத்தகை நீண்டால், தவிர்க்க நினைத்த அந்தப் பெரிய செக்கும் கூடவே வரும்.