பாண்டி பஜார் பக்கத்துச் சர்ப்ளஸ் கடை: லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்க ஒரு இடம்

சென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' போர்டு, அதாவது ஏற்றுமதிக்குத் தைத்து இங்கேயே தங்கிவிட்ட சரக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் பல கடைகளில் இருப்பது உள்ளூரிலேயே தைத்து, பின்கழுத்தில் ஏதோ வெளிநாட்டு பிராண்ட் லேபிளை வைத்து ஒட்டிய சரக்கு. ஒரு துவைப்பில் காலர் சுருண்டுவிடும், பட்டன் கையோடு வந்துவிடும். அதனால்தான் நிஜமான சர்ப்ளஸ் விற்கிற ஒரு கடையைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பாண்டி பஜாரிலிருந்து உஸ்மான் சாலைப் பக்கம் போகும் சந்துகளில் ஒன்றில், லைனிங் துணி விற்கும் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி. போர்டு கிடையாது. 'பாய் கடை' என்றால் கீழேயே கையைக் காட்டிவிடுவார்கள்.

தொண்ணூறுகளில் நான் கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்பிங் பேப்பர்கள் பார்த்தவன். சட்டையை எடுத்தால் கை முதலில் இடது பக்கத் தையலுக்குள் இருக்கும் லேபிளுக்குத்தான் போகும். அமெரிக்காவுக்குப் போக வேண்டிய சட்டை என்றால் எந்த நூல் எத்தனை சதவீதம், எந்த நாட்டில் தைத்தது என்பது இருந்தாக வேண்டும், பெரும்பாலும் ஆர்.என். என்று தொடங்கும், அமெரிக்கக் கம்பெனியின் பதிவு எண்ணும் இருக்கும். பாய் கடையில் நான் புரட்டிய கட்டம் போட்ட காட்டன் சட்டைகளில் இவை எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிராண்ட் லேபிளை மட்டும் குறுக்கே வெட்டியிருந்தார்கள், அதுதான் முறை. உள்பக்கம் ஓவர்லாக் பிசிறில்லாமல் இருக்கிறது, காஜா நெருக்கமாக அடித்திருக்கிறது, பாக்கெட்டில் கட்டம் கட்டத்தோடு சேர்கிறது. 450 ரூபாய்க்கு இந்தத் தையல் தி.நகரில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

"பாய், இது 340தானே?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. 340 என்றால் அன்றைய அமெரிக்கக் கோட்டா (ஆடை இறக்குமதிக்கான வருட உச்சவரம்பு) பட்டியலில் ஆண்களுக்கான காட்டன் நெசவுத் துணிச் சட்டை, பெண்களுக்கானது 341, பின்னல் துணிச் சட்டைகள் 338, 339. அந்தக் காலத்தில் எங்களுக்குச் சட்டைக்குப் பெயரே இந்த எண்கள்தான். "சார் அந்த லைனா?" என்றவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரை எடுத்தார். உள்ளே ஒரு பழைய இன்வாய்ஸ், முகப்பில் நீல மையில் வட்ட முத்திரை, அதில் 8 என்று ஆரம்பித்து ஐ.என். என்ற இரண்டு எழுத்து, அப்புறம் ஆறு இலக்கம். 8 என்றால் 1998, ஐ.என். என்றால் இந்தியா. கோட்டா கணக்கில் அனுப்ப இங்கிருந்து கொடுத்த அனுமதிதான் 'விசா'; இந்த விசா முத்திரை இல்லாமல் அன்றைக்கு அமெரிக்கக் கஸ்டம்ஸ் ஒரு டஜன் சட்டையைக்கூட உள்ளே விடாது.

இளைஞர்களுக்கு இது புரியாது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1974இல் பல்லிழை ஒப்பந்தம் வந்தது. அதன் கீழ் அமெரிக்கா, ஐரோப்பா, கனடா போன்ற நாடுகள் இந்தியா போன்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக இருதரப்பு ஒப்பந்தம் போட்டு, எந்த வகைத் துணி வருடத்துக்கு எவ்வளவு வரலாம் என்று எல்லை கட்டின. அந்த எல்லை வருடத்துக்கு 6 சதவீதம் வளரலாம் என்பது பொது விதி, நடைமுறையில் அதைவிடக் குறைவாகவும் கொடுத்தார்கள். இங்கே ஆயத்த ஆடைக்கான கோட்டாவைப் பங்கு போட்டது ஏ.இ.பி.சி. என்ற ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம். போன வருடங்களில் அதிகம் அனுப்பியவனுக்குப் பெரிய பங்கு, மிச்சத்தில் முதலில் வந்தவனுக்கு முதலில். பங்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பதால் கோட்டாவுக்கே தனி விலை, பிரீமியம். மெஷினில் உட்காராதவன் காகிதத்தை விற்றுச் சம்பாதித்தான், தைத்தவனுக்கு மிஞ்சியது கொஞ்சம். இதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. வருடக் கடைசியில் ஒரு வகையின் கோட்டா தீர்ந்துவிட்டால் ஆர்டர் கையில் இருந்தும் தையல் லைனை நிறுத்த வேண்டியதுதான். அம்பத்தூரிலும் கிண்டியிலும் அந்த லைன்களில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அதோடு ஓவர்டைமும் போச்சு.

முடித்துப் பெட்டி கட்டிய சரக்கு விசா கிடைக்காமல் நின்றால் இரண்டே வழி. ஜனவரி வரை வைத்திருந்து அடுத்த வருடக் கணக்கில் அனுப்பலாம், அதற்கு பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி, சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளூரில் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளிய சரக்கில் எந்தக் குறையும் இருக்காது. சென்னையில் அன்றைக்கு 'சர்ப்ளஸ்' என்ற பேச்சுக்கு இருந்த மதிப்பு அதில் வந்தது.

1995இலிருந்து இந்தக் கோட்டாவைப் படிப்படியாக எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள்: கோட்டாவில் இல்லாத சரக்கையும் சேர்த்த மொத்த ஜவுளி இறக்குமதியில் முதலில் 16 சதவீதம், 1998இல் 17, 2002இல் 18, மீதி 49 சதவீதம் 2005 ஜனவரி 1 அன்று ஒரே அடியாக. நாங்கள் எவ்வளவு எதிர்பார்த்தோம். ஆனால் முதல் கட்டத்தில் அமெரிக்கா விலக்கிய பட்டியலில் கோட்டாவில் இருந்த சரக்கு ஒன்றுகூட இல்லை. முக்கியமான சட்டை, பேண்ட் எல்லாம் கடைசி நாள் வரை கட்டுக்குள்தான்.

அதற்குப் பிறகு சர்ப்ளஸ் எங்கிருந்து வருகிறது? பாயிடமே கேட்டேன், மழுப்பாமல் சொன்னார். பையர் ரத்து செய்த ஆர்டர், கூடுதலாக வெட்டிய பீஸ், அப்புறம் ரிஜெக்‌ஷன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் நின்றுபோன லாட்டுகள் சில தன் கைக்கு வந்ததாகவும் சொன்னார். ரிஜெக்‌ஷனைத் தனி மூட்டையாக வைத்திருக்கிறார், எந்தக் குறைக்காகக் கழித்தது என்று பீஸில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருக்கிறது, பிய்த்துவிட்டு நல்ல சரக்கோடு கலப்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் இந்தக் கடையைச் சிபாரிசு செய்வேன்.

மூலையில் இலங்கையில் தைத்த டி-ஷர்ட்டுகள் ஒரு ரேக் நிறைய இருந்தன. அதற்கும் ஒரு கோட்டா கதை உண்டு, இந்த முறை கட்டுப்பாடு போட்டது நாம். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தியா–இலங்கை ஒப்பந்தத்தில் ஆடைக்கு வரிச் சலுகை வருடத்துக்கு 80 லட்சம் பீஸ் வரைதான், அதில் 60 லட்சம் நம் துணியில் தைத்திருக்க வேண்டும், ஒரே வகை 15 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வந்தால் முழு வரி கட்டிக் கொண்டுவரலாம், அமெரிக்கக் கோட்டா மாதிரி கதவை அடைக்கவில்லை. பின்னால் இந்த நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். டி-ஷர்ட் நல்ல கனமான துணி, தோள்பட்டைத் தையலுக்குள் டேப் வைத்திருக்கிறார்கள், 300 ரூபாய். துவைத்த பிறகும் நீளம் குறையவில்லை.

குறைகளும் இருக்கின்றன. டிரையல் ரூம் இல்லை, சட்டை மேலேயே போட்டுப் பார்க்க வேண்டியதுதான். அமெரிக்க அளவு என்பதால் நம் 'எல்' ஆட்கள் 'எம்' எடுத்தால் சரியாக இருக்கும், ஆனால் 'எம்' முதலில் தீர்ந்துவிடுகிறது. பேண்ட் (700 ரூபாய்) எனக்குத் திருப்தி இல்லை, இரண்டில் ஜிப் இறுகியது. பெண்களுக்கான சரக்கு மிகக் குறைவு. பில் கேட்டால்தான் தருகிறார், கேட்டு வாங்குங்கள். வாங்கியதை மாற்றித் தருவது அதே வாரத்துக்குள் மட்டும், அதுவும் துவைக்காமல் இருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் படியில் ஏறவே முடியாது. வார நாளில் பதினொரு மணிக்குப் போனால் பாயே மூட்டையைப் பிரித்துக் காட்டுவார். கார்டு மெஷின் இல்லை, ஜிபே உண்டு.