பனிமலையில் வான் வாழ்க்கை: எல்லாம் சரி, அந்த ஹீற்றரை என்ன செய்ய?

பரந்தனில் இருக்கிற கூட்டாளி ஒருவன் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் இருக்கிற அவனுடைய தமையன், வருகிற தை மாதம் வா, கேம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து அல்ப்ஸ் மலைக்குப் போவோம், வானுக்குள்ளேயே படுத்துச் சமைத்துக்கொண்டு, பலகையில் நின்று பனியில் சறுக்குகிற ஸ்னோபோர்ட் பழகுவோம் என்று ஆசை காட்டியிருக்கிறார். "மச்சான், நீ சுவிஸில கனகாலம் உந்த வானோட திரிஞ்சனி தானே, போகலாமோ விடலாமோ?" என்று கேட்டான். நான் ஹீற்றரில் தொடங்கினேன், அரை மணித்தியாலம் கழித்தும் ஹீற்றரில்தான் நின்றேன், அவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான். ஆறுதலாக எழுதினால் அவனுக்கும் உதவும், அவனைப் போல யோசிக்கிற வேறு யாருக்கும் உதவும்.

வான் எத்தனை அடி நீளம், கட்டில் எப்படி மடியும், அடுப்பில் எத்தனை பர்னர் என்பதையெல்லாம் வாடகைக்குக் கொடுப்பவர்களே படத்தோடு போட்டிருப்பார்கள். அதை விடுவோம்.

என்னுடைய வானில் இருப்பது டீசல் ஹீற்றர். முன் சீற்றுக்கு அடியில் கிடக்கும். வானின் டீசல் தாங்கியிலிருந்து ஒரு சின்னப் பம்ப் டிக் டிக் என்று துளித்துளியாக எண்ணெயை அனுப்பும், உள்ளே குளோ பிளக் சிவந்து அதைப் பற்றவைக்கும், எரிந்த புகை வானுக்கு அடியில் உள்ள குழாயால் வெளியே போய்விடும், சூடான காற்று மட்டும் உள்ளே வரும். வெளியே மைனஸ் 15 பாகையாக இருந்தாலும் உள்ளே வெறும் சேட்டோடு இருக்கலாம். இரவு முழுக்க ஓடினாலும் ஒன்றிரண்டு லீற்றர் டீசலுக்கு மேல் போகாது. அது ஒழுங்காக ஓடுகிற இரவில் அதைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை, இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஓடாத இரவு அனேகமாகச் சாமம் மூன்று மணிக்குத்தான் வரும். முதலில் டிக் டிக் சத்தம் நிற்கும். பிறகு விசிறி கொஞ்ச நேரம் வெறும் காற்றை ஊதும். பிறகு சின்னத் திரையில் ஒரு எண் மின்னும். அரை மணித்தியாலத்துக்குள் கூதல் காலிலிருந்து ஏறத் தொடங்கும், விடியும்போது பின்கதவுப் பிணைச்சலின் ஒவ்வொரு ஆணித் தலையிலும் வெள்ளையாகப் பனிக்கட்டி பூத்திருக்கும். வெளியே இல்லை, உள்பக்கத்தில். நாங்கள் மூச்சு விட்ட ஈரம்தான் அது.

காரணம் மலையின் உயரம். 2000 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹீற்றருக்கு அது தெரியாது, கீழே அனுப்புகிற அதே அளவு டீசலைத்தான் மேலேயும் அனுப்பும். எண்ணெய் கூடிப்போகும், காற்றுக் குறையும், சரியாக எரியாது, கரி பிடிக்கும். இதற்காகத்தான் இப்படிப்பட்ட பல ஹீற்றர்களின் கையேட்டில் 1500 மீற்றர் வரை சிக்கல் இல்லை, அதற்கு மேலே உயரத்துக்கேற்ற மாற்றம் செய்ய வேண்டும் என்று போட்டிருக்கும். உயரத்தைத் தானாக உணர்ந்து எண்ணெயைக் குறைக்கிற சென்சர் உள்ள வகையும் உண்டு. பனிமலைக்கென்றே விற்கிற வானில் அது இல்லாத ஹீற்றரைப் பூட்டிக் கொடுப்பது எந்த நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஸ்னோபோர்ட் வைக்கத் தனித்தட்டு, சப்பாத்துக் காயவைக்கத் தனி அலுமாரி, எல்லாம் செய்தவர்களுக்கு இது மட்டும் தெரியாமல் போயிற்றா?

திருத்தக் கொடுத்த கதை இன்னும் கோபம். போன குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் இருக்கிற ஒரு கராஜில் விட்டேன், பெயர் வேண்டாம். முதலில் குளோ பிளக்கை மாற்றினார்கள், காசு வாங்கினார்கள். கராஜ் இருந்தது தாழ்வான இடத்தில், அங்கே ஹீற்றர் பிரமாதமாக ஓடியது. மேலே ஏறி முதல் இரவே திரும்பவும் நின்றது. திரும்பப் போனேன், ஹீற்றருக்குள் எண்ணெய் எரிகிற பாகமான பர்னர் முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள், சில நூறு பிராங் போயிற்று. கழற்றிய பழைய பர்னரைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். விசுவமடுவில் சித்தப்பாவின் கராஜில் அதைக் காட்டவேண்டும் என்பது அப்போதே எடுத்த முடிவு.

சித்தப்பா சுவிஸ் பார்த்ததில்லை, பனி பார்த்ததில்லை. பர்னரை வெயிலுக்குப் பிடித்து உள்ளே பார்த்தார். குளோ பிளக் இருக்கிற ஓட்டைக்குள் ஒரு மெல்லிய கம்பிவலை இருக்கும், எண்ணெய் அதில் ஊறித்தான் ஆவியாகிப் பற்றும். அந்த வலையின் கண்கள் முழுக்கக் கரி. ஒரு ஊசியால் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது காத்துக் காணாமல் எரிஞ்சிருக்கு. எண்ணெயைக் குறைக்கோணும், இல்லாட்டிக் காத்தைக் கூட்டோணும். வேறென்ன?" என்றார். உயரம், அடர்த்தி என்று நான் எதுவும் அதுவரை வாய் திறக்கவில்லை.

அவருக்கு எப்படித் தெரியும் என்று வன்னியில் யாரும் கேட்கமாட்டார்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே பெற்றோல் கிடைப்பது அருமை, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, சூடு ஏறிய பிறகு மண்ணெண்ணெயில் இழுக்கவேண்டும். காற்றும் எண்ணெயும் கொஞ்சம் பிசகினால் பிளக்கில் கரி, வழியில் நின்று கழற்றித் தேய்க்கவேண்டும். அந்தக் காலத்தில் நாள் முழுக்க அதையே செய்த கை அது. பழைய பல்துலக்கும் பிரஷ், ஊசி, கொஞ்சம் மண்ணெண்ணெய், அரை மணித்தியாலம். வலை பளிச்சென்று வந்துவிட்டது. மாற்றவேண்டிய தேவையே இல்லாத பர்னர் அது. அந்த பில்லை நினைக்க இப்போதும் வயிறு எரிகிறது.

ஹீற்றர் கரி பிடிக்காமலிருக்க அவர் சொன்னதும், மலைகளில் பழகிய வான்காரர்கள் சொல்வதும் ஒன்றுதான். ஹீற்றரை எப்போதும் ஆகக்குறைந்த சூட்டில் மெல்ல ஓடவிட்டால் கரி சீக்கிரம் சேரும், கிழமைக்கு ஒருமுறையாவது கதவைத் திறந்து வைத்துவிட்டு முழு வேகத்தில் கொஞ்ச நேரம் எரியவிடவேண்டும். கையேடு அனுமதித்தால் ஒரு சின்னப் போத்தலில் இருந்து மண்ணெண்ணெய் கொடுத்து எரித்தால் உள்ளே இன்னும் துப்புரவாகும். புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று படுக்க முதல் குனிந்து பார்க்கவேண்டும். காபன் மொனொக்சைட் அலாரம் இல்லாமல் ஒரு இரவும் படுக்கக்கூடாது, இதில் விளையாட்டு இல்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை. புட்டு அவிக்க முடியாது, அந்த ஆவி முழுவதும் கூரையில் ஏறி இரவில் முகத்தில் சொட்டும், அதனால் ரொட்டியும் சம்பலும்தான். மீன் பொரிக்கிற நினைப்பே வேண்டாம், ஜக்கெற்றிலிருந்து மணம் போக ஒரு மாதமாகும். அடுப்புக்குப் புரொப்பேன் சிலிண்டர்தான் வேண்டும், பியூட்டேன் பூச்சியத்துக்குக் கீழே போனால் ஆவியாகாது, அடுப்புப் பற்றாது. டீசலை மலையடிவாரத்தில் அடிக்கவேண்டும், குளிர்கால டீசல் கடும் குளிரையும் தாங்கும், ஆனால் சூடான நாட்டில் நிரப்பிய டீசல் மெழுகுபோல் தடித்து வடிகட்டியை அடைத்துவிடும். லிதியம் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது. கைப்பிரேக்கை இழுத்து வைத்துப் படுத்தால் காலையில் உறைந்து பிடித்துக்கொள்ளும், கியரில் போட்டுவிட்டுப் படுக்கவேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த வானை விற்கச் சொன்னால் விற்கமாட்டேன். அதற்குக் காரணம் காலைகள். இத்தாலியில் லிவிஞ்ஞோ என்று ஒரு ஊர், 1800 மீற்றருக்கு மேலே, 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்ட் போட்டிகளுக்கு எடுத்த இடம். வரி இல்லாத ஊர், டீசல் மலிவு. இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கும். கீழே இருந்து வருகிறவர்கள் வளைந்த பாதையில் ஒன்றின் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது நாங்கள் ஹீற்றர்க் குழாயின் வாயில் கவிழ்த்து வைத்த சப்பாத்தைச் சூட்டோடு மாட்டி, தேத்தண்ணியை முடித்து, நடந்துபோய், சறுக்குகிறவர்களை மலைமேலே ஏற்றிப்போகிற லிஃப்டில் முதல் ஆளாக ஏறிவிடுவோம். மேலே யாருடைய கோடும் விழாத சரிவு. புதுப்பனிக்குள் போர்ட் இறங்கும்போது வருகிற சத்தம், அரிதட்டில் அரிசிமா அரிக்கிற சத்தம்தான், வேறு ஒன்றும் கேட்காது. எடையே இல்லாமல் போய்க்கொண்டிருப்போம். நான் வாழ்க்கையில் அனுபவித்த ஆகச் சிறந்த சந்தோசங்களில் அது ஒன்று, அதை அறையில் படுத்துப் பஸ் பிடித்து வருகிறவனுக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் பாருங்கள், லிவிஞ்ஞோ 1800. ஹீற்றர் தகராறு பண்ணுகிற உயரம். சுவிஸில் லாக்ஸ் ஊர் 1000 மீற்றரைக் கொஞ்சம்தான் தாண்டும், ஸ்னோபோர்ட்காரருக்குப் பெயர்போன இடம், அங்கே படுத்தால் ஹீற்றர் ஒரு வார்த்தை பேசாமல் ஓடும். அன்டர்மட் 1450 அளவில், அதுவும் பரவாயில்லை. மேலே ஏறிச் சறுக்குவது லிஃப்டின் வேலை, படுக்கிற இடம் தாழ்வாக இருக்கட்டும்.

ஸ்னோபோர்ட்டைப் பற்றி அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கஷ்டமோ என்று. முதல் இரண்டு மூன்று நாள் கஷ்டம். இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டி, பக்கவாட்டில் நின்று, குதிக்கால் விளிம்பில் பலகையைப் பிடித்து இறங்கப் பழகவேண்டும். விழுகிறபோது எல்லாரும் கையைத்தான் ஊன்றுவார்கள், பழகுகிறவர்களுக்கு மணிக்கட்டு முறிவது அதனால்தான். வயல் செய்கிறவனுக்கு மணிக்கட்டு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை, மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெற்றும் வாடகைக்கு எடுத்தே ஆகவேண்டும். கயிற்றில் கொழுவி இழுத்துப்போகிற லிஃப்டில் ஸ்னோபோர்ட்காரர் நிற்பது பெரும்பாடு, தொடக்கத்தில் கதிரை லிஃப்ட் உள்ள இடமாகப் பார்க்கவேண்டும். குறித்த பாதையை விட்டு வெளியே போகிற எண்ணம் வரவே கூடாது. சுவிஸில் டாவோஸ் ஊரில் இருக்கிற பனிச்சரிவு ஆய்வு நிலையம் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படியாகப் பிரித்து காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அறிவிக்கும், நான் பழகியவர்களில் அதைப் பார்க்காமல் மேலே போகிற ஒருவரும் இல்லை.

இனி என் முடிவு. மச்சான், தையில் போகாதே. வானைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதே, எனக்கு அந்த வான் உயிர், ஆனால் உனக்கு அது முதல் பயணம், அந்தச் சாமம் மூன்று மணி உனக்கு வரக்கூடாது. தையும் மாசியும் காலபோகம் வெட்டுகிற நேரம் வேறு, அறுவடை மெசினுக்குக் காத்திருக்கிற ஆளை விட்டுவிட்டு எப்படிப் போவாய்? நெல்லை ஏற்றி முடித்துவிட்டுப் பங்குனியில் போ. பகல் நீளம், குளிர் குறைவு, உயரத்தில் பனி இன்னும் நன்றாகக் கிடக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். இளகிய பனியில் விழுந்தால் நோவும் குறைவு. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள், அதில் பனி விளையாட்டுச் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார், பலதில் சேராது.

முடிந்தால் பள்ளத்தாக்கில் ஒரு அறை எடுங்கள். தமையன் வான்தான் வேண்டும் என்று நின்றால், 1500 மீற்றருக்குக் கீழே மின்சாரம் கொழுவக்கூடிய கேம்பிங் இடமாகப் பார்க்கச் சொல், கரண்டில் ஒரு சின்ன ஹீற்றர் போட்டால் டீசல் ஹீற்றர் நின்றாலும் விறைக்கமாட்டீர்கள். வானை எடுக்கும்போது பர்னரைக் கடைசியாக எப்போது கழற்றித் துப்புரவாக்கினீர்கள், உயரத்துக்கு மாற்றம் செய்திருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்கச் சொல். இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாதவரிடம் முற்பணம் கொடுக்கவேண்டாம்.