கடைசி அஞ்சு நிமிஷம் கதவைத் திறக்காதீங்க: சேலம் ட்ரிப்பும் நாலஞ்சு படமும்

ஊர்ல இருந்து திரும்பி வந்து மூணு வாரம் ஆகுது, இன்னும் அந்த ஞாயித்துக்கிழமை மேட்னி ஷோ மனசை விட்டுப் போகல, அதனால எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன். 2024 அக்டோபர் முதல் வாரத்துல சேலத்துல இறங்குனேன், தீபாவளி முடிஞ்சுதான் கிளம்புனேன். பேங்க் வேலை, பல் டாக்டர், ஆதார்ல ஃபோன் நம்பர் மாத்துனது எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. சொல்ல வேண்டியது தியேட்டரைப் பத்தி.

நான் ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் பக்கம் பதினாலு வருஷமா இருக்கேன். அங்க தமிழ்ப் படம்னா வாரக் கடைசியில ஒரே ஒரு ஷோ, நாப்பது நிமிஷம் வண்டி ஓட்டிட்டுப் போகணும், இன்டர்வெல் கிடையாது, விசில் கிடையாது, யாராவது கொஞ்சம் சத்தமா சிரிச்சாக்கூட முன் சீட்டுல இருந்து திரும்பிப் பாப்பாங்க. மெய்யழகனை அங்கதான் முதல்ல பாத்தேன், செப்டம்பர் 27 ரிலீஸ், மறுநாளே போயாச்சு. 96 எடுத்த பிரேம்குமார் படம். தஞ்சாவூர்ல சொந்த வீட்டை இழந்து 1996ல ஊரை விட்டுப் போன அரவிந்த்சாமி, தங்கச்சி முறை ஆகற பொண்ணு கல்யாணத்துக்காக ரொம்ப வருஷம் கழிச்சு நீடாமங்கலம் வர்றாரு, அங்க கார்த்தி அத்தான் அத்தான்னு கூடவே இருந்து தாங்கறான், இவருக்கோ அவன் யாரு, பேரு என்னன்னு ஞாபகமே வரல, கேக்கவும் கூச்சமா இருக்கு. படத்தோட முடிச்சே அந்தப் பேருதான். கடைசியில ஃபோன்லதான் அது அவிழும்.

வெளிநாட்டுல இருக்கற நம்ம யாருக்கும் இது புதுசு இல்ல. கல்யாண மண்டபத்துல நுழைஞ்சதும் நாலு பேரு வந்து கையைப் புடிச்சுக்கிட்டு "என்னைத் தெரியுதா கண்ணு"ன்னு கேப்பாங்க, தெரியும்னு தலையாட்டிட்டு அப்புறம் அம்மா காதுல போய் யாரும்மா அவங்கன்னு கேக்கணும். அன்னைக்கு ஸ்டுட்கார்ட்ல படம் முடிஞ்சு டைட்டில் முழுக்க ஓடி விளக்கு மெதுவா வர்ற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கல, நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருந்தேன், அப்பவே முடிவு பண்ணிட்டேன், ஊருக்குப் போனதும் முதல் வேலையா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் இதைக் காட்டணும்னு.

அதுக்குள்ள படத்துல 18 நிமிஷம் வெட்டிட்டாங்க. நீளமா இருக்குன்னு நிறைய பேரு சொன்னதால ரிலீஸுக்கு அப்புறம் ட்ரிம் பண்ணது. எனக்கு அந்த நீளம்தான் புடிச்சிருந்துச்சு, ராத்திரி முழுக்க ரெண்டு பேரு உக்காந்து பேசற படம், அதுல என்னத்த அவசரம். சரி போகட்டும், வெட்டுனதைத்தான் அம்மா பாப்பாங்கன்னு டிக்கெட் போட்டேன்.

தியேட்டர் பேரு வேண்டாம். சீட்டு நல்லா இருந்துச்சு, ஏசி இருந்துச்சு, சவுண்டு அருமை, உண்மையா சொல்றேன், அந்த கோவிந்த் வசந்தா மியூசிக் ஸ்டுட்கார்ட்ல கேட்டதை விட இங்க நெஞ்சுக்கு நெருக்கமா இருந்துச்சு. வாசல்ல அம்மா பையில வச்சிருந்த தட்டுவடை செட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க, வெளிச்சாப்பாடு உள்ள விடமாட்டோம்னு. 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே தியேட்டர்காரங்களுக்கு அந்த உரிமை இருக்கு, குடிதண்ணி மட்டும் இலவசமாக் குடுக்கணும்னு சொல்லியாச்சு, அதனால நான் ஒண்ணும் பேசல. ஆனா சட்டம் பேசி தட்டுவடையை வாங்கி வைக்கறவங்க, காசு வாங்குன படத்தைக் கடைசி வரைக்கும் ஒழுங்காக் காட்டறதும் கடமைதானே?

அரவிந்த்சாமி மெட்ராஸ் வீட்டுல இருந்து ஃபோன் பண்றாரு. அம்மாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம், வலது காதை ஸ்கிரீன் பக்கம் திருப்பி முன் சீட்டைப் புடிச்சுக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. அப்ப சைடு கதவு இரும்புத் தாழ்ப்பாளை ஒருத்தர் டங்குன்னு இழுத்தாரு. கதவு தொறந்துச்சு. மேக்கால வெயில் பட்டையா உள்ள வந்து ஸ்கிரீன்ல பாதியை வெளுத்துடுச்சு, அரவிந்த்சாமி முகம் இருந்த இடத்துல வெறும் வெள்ளை. பார்க்கிங்ல விசில் அடிக்கறது கேக்குது, யாரோ புல்லட்டை ஸ்டார்ட் பண்றாங்க, அடுத்த கதவும் தொறந்துச்சு, தொடப்பமும் சாக்குமா ரெண்டு பேரு உள்ள வந்து நின்னுட்டாங்க, எங்க வரிசையில பாதிப் பேரு எழுந்து செருப்பைத் தேடறாங்க, முன்னாடி ஒருத்தர் நின்னுக்கிட்டே குழந்தையைத் தோள்ல போடறாரு. அம்மா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தலையை ஆட்டி ஆட்டிப் பாக்கறாங்க. அந்த நிமிஷத்துலதான் பேரு வந்து போச்சு. அவ்வளவுதான், லைட்டெல்லாம் போட்டுட்டாங்க.

வெளிய வந்ததும் நான் நேரா மேனேஜர் ரூமுக்குப் போயிட்டேன். சின்னப் பையன்தான், மரியாதையாத்தான் பேசுனாரு. "படம் முடிஞ்சிருச்சுங்களே மேடம்"னாரு. முடியலங்க, கடைசி அஞ்சு நிமிஷம் இருந்துச்சு, அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் மத்த ரெண்டரை மணி நேரமும்னு சொன்னேன். "ஞாயித்துக்கிழமைங்க, அடுத்த ஷோ ஹவுஸ்ஃபுல், இருபது நிமிஷத்துல ஹாலைக் கூட்டணும், இருக்கறது ஒரே கேட்டு, எல்லா வண்டியும் அதுலதான் போகணும், எல்லாப் படத்துக்கும் இப்படித்தாங்க பண்றோம், யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல"ன்னாரு. அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குத் தாங்கல. அடுத்த ஷோவைப் பத்து நிமிஷம் தள்ளி வச்சா என்ன ஆகும்? ஸ்டுட்கார்ட்லயும் குப்பை அள்றவங்க பெரிய பையோட வருவாங்க, ஆனா கதவுக்கு வெளிய நிப்பாங்க, டைட்டில்ல கடைசிப் பேரு போனதுக்கு அப்புறம்தான் உள்ள வந்து ஹலோ சொல்லுவாங்க. அந்த டைட்டில்ல இருக்கறதும் யாரோ பெத்த புள்ளைங்க பேருதானே.

இது நம்ம ஊர்ப் பழக்கம்தான், எனக்குத் தெரியாததில்ல. வில்லன் கீழ விழுந்தான்னா அப்பா "எழுந்திரு எழுந்திரு"ன்னு எங்களைக் கிளப்பிடுவாரு, சைக்கிள் டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு முன்னாடி ஓடுவாரு, இல்லைன்னா நூறு சைக்கிளுக்குப் பின்னாடி நம்ம சைக்கிள் மாட்டிக்கும். ரெண்டாம் ஆட்டம்னா கடைசி டவுன் பஸ் வேற. திரையில "வணக்கம்"னு போடற வரைக்கும் இருந்து நான் பாத்த படம் ரொம்பக் கம்மி. ஆனா அப்ப படமும் அப்படித்தான் இருந்துச்சு, வில்லன் விழுந்தா முடிஞ்சுது, அப்புறம் எல்லாரும் வரிசையா நின்னு சிரிப்பாங்க. இப்ப அப்படியா எடுக்கறாங்க? கடைசி வரிக்குன்னே ஒரு படம் எடுத்து வச்சிருக்கான், இவங்க இன்னும் சைக்கிள் ஸ்டாண்டு காலத்துக் கணக்குல கதவைத் தொறக்கறாங்க.

ஆட்டோவுல வர்றப்ப அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அந்தப் பையன் பேரை எப்படிச் சொன்னாங்க கண்ணு?"ன்னு கேட்டாங்க. மெய்யழகன்மா, படத்துப் பேரே அதுதானேன்னேன். "அது தெரியும், போஸ்டர்லயே போட்டிருக்கான். அவங்க வாயில இருந்து அது எப்படி வந்துச்சுன்னு என் காதுல விழல."

எனக்கு வயிறு எரிஞ்சுது.

அடுத்த வாரம் ஏற்காடு போற வழியில மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பாத்தப்ப இது திரும்ப ஞாபகம் வந்துச்சு. டி.ஆர். சுந்தரம் 1935ல ஆரம்பிச்ச சினிமா கம்பெனி, மலையாளத்தோட முதல் பேசும் படம் பாலன் 1938ல இவங்க எடுத்தது, தமிழ்ல முதல் முழுநீளக் கலர் படம் 1956ல அலிபாபாவும் 40 திருடர்களும், அதுவும் இவங்கதான். நூறு படத்துக்கு மேல இந்த ஊர்ல இருந்து போயிருக்கு. இப்ப அந்த வளைவு மட்டும் நிக்குது, உள்ள வீடுங்க. சினிமாவை உருவாக்குன ஊர்ல படத்தை முடிக்க விடமாட்டேங்கறாங்களேன்னு அக்கா பையன்கிட்ட இருபது ஹேர்பின் பெண்டும் ஏறி முடிக்கற வரைக்கும் புலம்பிக்கிட்டே போனேன், பாவம் அவன் ஒண்ணும் சொல்லாமக் கேட்டுக்கிட்டான்.

மத்த படங்களும் பாத்தேன், அதையும் சொல்லிடறேன். லப்பர் பந்து அக்கா குடும்பத்தோட போனது, இந்த ட்ரிப்புல ரொம்ப சந்தோஷமா இருந்த ரெண்டரை மணி நேரம் அதுதான். ரப்பர் பந்து கிரிக்கெட், வயசானாலும் மட்டையைக் கீழ வைக்காத மாமனாரா அட்டகத்தி தினேஷ், மருமகனாப் போற ஹரிஷ் கல்யாண், ரெண்டு பேருக்கும் நடுவுல ஈகோ, ஜாதியைப் பத்தி சத்தம் போடாமச் சொல்லியிருக்காங்க. தினேஷுக்கு விஜயகாந்த் பாட்டு வர்றப்ப தியேட்டரே எழுந்து நின்னுச்சு, கேப்டன் போய் அப்ப ஒரு வருஷம்கூட ஆகியிருக்கல, பக்கத்துல ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே விசில் அடிச்சாரு. இதை ஜெர்மனியில எங்க போய்ப் பாக்கறது? சுவாசிகா மாதிரி ஒரு மாமியார் கேரக்டரை நான் தமிழ்ல பாத்து ரொம்ப நாள் ஆச்சு.

வேட்டையன் காலைக் காட்சி, சரஸ்வதி பூஜை சமயம், கூட்டம்னா கூட்டம். ரஜினி என்கவுன்டர் போலீஸ், அமிதாப் நீதிபதி, என்கவுன்டர் தப்புன்னு ரஜினியையே வச்சுப் பேச வச்ச ஞானவேலோட தைரியம் எனக்குப் புடிச்சுது, ஆனா ரெண்டாம் பாதியில எல்லாரும் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டே இருக்காங்க. பகத் பாசில் வர்ற இடமெல்லாம் தூக்கல். பிளாக்குக்கு அக்கா பையன் "சித்தி, இது சயின்ஸ் ஃபிக்‌ஷன், புரியும் வாங்க"ன்னு கூட்டிட்டுப் போனான், ஜீவாவும் பிரியா பவானி சங்கரும் ஒரு தனி வில்லாவுல மாட்டிக்கறாங்க, புதுசா எதையோ பண்ணணும்னு நெனச்சிருக்காங்க, அதுக்கே பாராட்டலாம். ப்ளடி பெக்கர்ல கவின் உழைப்பு தெரியுது, எனக்கு அந்தக் கூச்சல் ஒத்து வரல, பாதியிலயே தலைவலி.

அக்டோபர் 25 மெய்யழகன் நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துடுச்சு, ரிலீஸாகி சரியா நாலு வாரம். அம்மாவை உக்கார வச்சு கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் டிவியில போட்டேன், ஃபேனைக்கூட நிறுத்திட்டேன். பாத்தாங்க. கேட்டாங்க. "நல்லா இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான். முழுப் படத்தையும் இருட்டுல உக்காந்து பாத்து அழுது வந்து சேர வேண்டிய இடத்துக்கு, பத்து நிமிஷத்துல எப்படி வந்து சேருவாங்க? அந்த மேட்னியை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

தீபாவளிக்கு அமரன். அம்மா வரவே மாட்டேன்னாங்க, கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன், இது வேற தியேட்டரு, பழசு, ஒரே ஸ்கிரீனு, சீட்டுல ஸ்பிரிங் குத்துது. மேஜர் முகுந்த் வரதராஜன் கதை, 2014ல காஷ்மீர்ல வீரமரணம் அடைஞ்சவரு, முடிவு என்னன்னு தெரிஞ்சுதான் எல்லாரும் உள்ள வந்திருக்கோம், அப்படியும் சாய் பல்லவி அத்தனை பேரையும் அழ வச்சாங்க. சிவகார்த்திகேயனை நான் இப்படி எதிர்பாக்கல. கடைசி நெருங்க நெருங்க எனக்கு ஸ்கிரீன்ல கண்ணு நிக்கல, சைடு கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். கதவும் தொறந்துச்சு. ஆனா வெளிச்சம் வரல. அறுவது வயசு இருக்கும், காக்கிச் சட்டை போட்ட ஒருத்தர், கதவுக்கு உள்பக்கம் தொங்கற அந்தக் கனமான பழைய திரையை ரெண்டு கையாலயும் சேத்துப் புடிச்சு, முதுகை வெயிலுக்குக் காட்டிக்கிட்டு நின்னாரு. எழுந்து போகப் பாத்த ரெண்டு பசங்களை கண்ணாலயே "இருப்பா"ன்னு நிறுத்துனாரு. டைட்டில் ஓட ஆரம்பிச்சு ஜனங்க தானா எழுந்ததுக்கு அப்புறம்தான் திரையை விட்டாரு.

வெளிய போறப்ப அம்மா அவர் முன்னாடி நின்னாங்க. "ரொம்ப நல்லதுங்க தம்பி"ன்னாங்க. எதுக்குன்னு அவருக்குப் புரிஞ்சுதான்னு தெரியல, "பாத்துப் போங்கம்மா, படி இருக்கு"ன்னு டார்ச்சைக் கீழ அடிச்சாரு.