எஞ்சின் 'ரிச்'சாக ஓடுகிறதா? ரூ.38,500 பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

வயிறு எரிகிறது. 38,500 ரூபாய்! கோவையில் எல்லா கம்பெனிக் கார்களையும் பார்க்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொட்டிவிட்டு வந்த பணம். ஏசி வரவேற்பறை, காபி, சீருடை எதற்கும் குறைவில்லை.

சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை. மைலேஜ் குறைந்துவிட்டது. எஞ்சின் விளக்கு எரிகிறது. டேங்கை நிரப்பிய கையோடு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் குறித்துக்கொள்ளவே இல்லை.

ஸ்கேனரில் பி0172 என்று வந்தது. காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் அதிகம், அதாவது 'ரிச்' என்று பொருள். ஏன் அதிகம் என்று அது சொல்லாது. பிறகு அட்வைசர் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வந்து என் கண்முன் விரலால் தேய்த்தார். விரல் நுனி முழுக்க மசி. "எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் சார். புகையைச் சோதிக்கும் ஆக்சிஜன் சென்சாரும் பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களும் போய்விட்டன. இப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போய்விடும்" என்றார். கறுத்த பிளக் பொய்யில்லை, 14.7 பொய்யில்லை. அந்த உண்மைகளுக்கு நடுவில்தான் இன்ஜெக்டர் கதையைச் செருகினார். சரி என்றேன்.

அந்த வாரமே விளக்கு மறுபடி எரிந்தது. போன் செய்தால், "இசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், புதுப் பாகங்களுக்குப் பழக வேண்டும் சார், கொஞ்சம் ஓட்டுங்கள்." அடுத்த முறை, "நீங்கள் பெட்ரோல் போடும் பங்க் சரியில்லை." அதற்கும் அடுத்து, முதலாளி வெளியூர். பழைய இன்ஜெக்டர்களைக் கேட்டேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம்!

கடைசியில் ஒரு சிறு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் முதலில் கேட்டதே, "டேங்க் நிரப்பினால் ஸ்டார்ட் ஆகிறதா தம்பி?" என்றுதான். ஓடும் எஞ்சினில் ஸ்கேனரை மாட்டினார். ஃபியூல் டிரிம், அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண், மைனஸ் 24. "இசியு பெட்ரோலை இவ்வளவு குறைக்கப் பார்க்கிறது. அப்படியென்றால் சென்சார் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது, அதை ஏன் மாற்றினார்கள்?" புகார் சொன்னவனையே தண்டித்த கதை. பிறகு எஞ்சினுக்குப் போகும் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் குறடால் நசுக்கிப் பிடித்தார். திரையில் மைனஸ் 24 மெல்ல ஏறி மைனஸ் 3-க்கு வந்து நின்றது. டேங்கில் சேரும் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு அளந்து விடும் பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கிக் கிடந்திருக்கிறது. டேங்க் நிரப்பியதும் ஸ்டார்ட் ஆகாததும் அந்த ஆவி அளவில்லாமல் எஞ்சினுக்குள் போனதால்தான். வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய்.

அந்த பில்லோடு பழைய இடத்துக்குப் போனால், "அது வேறு கோளாறு சார், நாங்கள் பார்த்தது வேறு. மாட்டிய பாகத்துக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம்" என்று உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பினார்கள். காபியும் இல்லை.

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. ஸ்கேனரில் பி0172 போல ஒரு கோளாறு எண் வந்தவுடன் பாகத்தை மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஃபியூல் டிரிம் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகம் டிக்கிக்குள் வந்த பிறகே பணம் கட்டுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். 38,500 ரூபாயை விடுவதாக இல்லை.