கடற்கொள்ளையர் கப்பல்: ஆடுவதா, ஓடுவதா?

ஊர்த் திருவிழா, பிள்ளைகளின் பிறந்தநாள் இரண்டுக்கும், பிள்ளைகள் ஏறி விளையாட ஒரே கப்பலாகச் செய்ய நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பொருட்காட்சியில் ஊஞ்சல் போல ஆடும் கொலம்பஸ் கப்பல் மாதிரி ஆட விடுவதா, ட்ரெய்லர் மேல் கட்டி இழுத்துப் போவதா?

செலவு
ஆடும் கப்பல்: கனமான இரும்புத் தாங்கி, அச்சு, பேரிங், தேர்ந்த வெல்டர். பணம் இங்கேதான் கரையும்.
ஓடும் கப்பல்: நல்ல பழைய ட்ரெய்லர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மேலே சதுரப் பைப் சட்டம், பிளைவுட், பெயின்ட்.

பாதுகாப்பு
ஆடும் கப்பல்: நேராகத் தொங்கும் நிலையிலிருந்து 60 டிகிரி வரை ஏறி இறங்கும்போது, அடிப்புள்ளியில் தொங்குகம்பிகள் மொத்த எடையைப் போல இரு மடங்கு இழுவிசையைத் தாங்க வேண்டும். அதனால் கணக்குப் போடப் பொறியாளர் வேண்டும். வீச்சைக் கட்டுப்படுத்தத் தடுப்பும், சுற்றிலும் வேலியும் கட்டாயம். ஒவ்வொரு விழாவுக்கு முன்பும் வெல்டிங் மூட்டுகளைத் துடைத்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.
ஓடும் கப்பல்: கைப்பிடி, இடுப்புயரத் தடுப்பு, நடை வேகம். மைதானத்துக்குள் மட்டும், சாலையில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. பாய்மரம் மின்கம்பியில் படாத உயரத்தில் இருக்கட்டும்.

நீடித்த உழைப்பு
இரண்டுக்கும் மழைதான் எதிரி. ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போட்டு, அறுத்த ஓரங்களுக்கும் பெயின்ட் அடியுங்கள். தண்ணீர் முதலில் அங்கேதான் ஏறும்.

நிரந்தர இடமும் பொறுப்பான ஆளும் உள்ள சங்கத்துக்கு ஆடும் கப்பல் சரி. வீடு வீடாகப் பிறந்தநாளுக்குக் கொண்டுபோக, ஐந்து வயதுக் குழந்தையையும் ஏற்ற, ஓடும் கப்பலையே செய்யுங்கள்.