வேன் பிரிட்ஜுக்கு பெட்டரி வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்: எங்களுக்கு 118,000 ரூபாய் போய்விட்டது

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் வேனுக்குள் பிரிட்ஜ் வைத்து ஓட்டுகிற எல்லோருக்கும் எழுதுகிறேன். கெம்பர் (உள்ளேயே தூங்கிப் பயணம் போகிற வேன்) வாடகைக்கு விடுகிறவர்களும் சரி, மீன், தயிர் ஏற்றுகிறவர்களும் சரி, தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்கின பிறகு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன்.

போனது 118,000 ரூபாய். பெட்டரிக்கு 92,000, வயரும் பூட்டுக்கூலியும் 18,000, பெட்டரி இறங்கினால் தானாகவே துண்டிக்க வேண்டிய 'பெட்டரி கார்ட்' என்று ஒரு சின்னப் பெட்டிக்கு 8,000.

நானும் அண்ணனும் பழைய ஹையேஸ் ஒன்றை கெம்பராக மாற்றி வாடகைக்கு விடுகிறோம். உள்ளே 12 வோல்ட் கம்பிரசர் பிரிட்ஜ். வண்டியின் சொந்த பெட்டரியில் அதை ஓட்டினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, அதனால் தனியாக ஒரு பெட்டரி தேவைப்பட்டது. சோலார், இன்வர்ட்டர், பெட்டரி எல்லாம் விற்கிற ஒரு கடைக்குப் போனோம். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

முதலாளி எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும், "அட, எங்கம்மாவும் அந்தப் பக்கத்து டிவிசன்தான் தம்பி" என்று எழுந்து வந்து கை கொடுத்தார். பிளேன்டீ வந்தது. மீட்டரை எடுத்து பெட்டரியில் வைத்துக் காட்டினார், 12.8 வோல்ட். "பாருங்க, புத்தம் புதுசு. டீப் சைக்கிள், மெதுவா நீண்ட நேரம் கொடுக்கிற வகை, 100 ஆம்பியர்-ஹவர். எஞ்சின் போடாமலே ரெண்டு ராத்திரி பிரிட்ஜ் ஓடும்." கையில் 100,000தான் இருக்கிறது என்று அண்ணன் சொன்னார். "நமக்குள்ள என்ன தம்பி, மிச்சத்தை பொறவு தாங்க, வண்டியைக் கொண்டுபோங்க" என்றார். அப்படிச் சொன்ன மனுசனைக் காக்க வைக்கக் கூடாது என்று அண்ணன் அன்று பின்னேரமே மிச்ச 18,000 ரூபாயையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முதலில் வந்தது மட்டக்களப்புக் குடும்பம் ஒன்று, கைக்குழந்தையோடு. கிரகரி வாவிப் பக்கம் வேனை நிறுத்தித் தூங்கினார்கள். நடுச்சாமத்தில் பிரிட்ஜ் கிளிக் கிளிக் என்று எடுப்பதும் நிற்பதுமாக இருந்திருக்கிறது, சிவப்பு விளக்கு மினுக்கியிருக்கிறது. காலையில் வண்டி ஓடத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. மறுநாள் எல்லவில் வெயிலில் நிறுத்திவிட்டு மலை ஏறி இறங்கி வந்து பார்த்தால் மீன் நாறிவிட்டது, குழந்தைக்கு வைத்திருந்த பாலும் திரிந்துவிட்டது. அவர்களுக்கு வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசும்போது எனக்கு முகம் நிமிரவில்லை.

கடைக்கு எடுத்தேன். "மேல குளிர் தம்பி, குளிர்ல பெட்டரி அப்படித்தான்." குளிரில் பெட்டரியின் கொள்ளளவு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் நுவரெலியாக் குளிரில் பிரிட்ஜுக்கும் வேலை குறைவு. எல்ல வெயிலில் ஏன் நின்றது என்று கேட்டேன், பதில் இல்லை. அப்புறம் கதவை அடிக்கடி திறந்திருப்பீங்க என்றார்கள். அப்புறம் பிரிட்ஜில்தான் பிழை என்றார்கள். பாஸ் (மெக்கானிக்) நாளைக்கு வருவார் என்றார்கள், எந்த பாஸும் வரவில்லை. கடைசியில் பெட்டரியைக் கழற்றிச் சுமந்துகொண்டு போனோம். சார்ஜரில் போட்டு, அதே மீட்டரை வைத்து, "12.7 இருக்கே, ஒரு குறையும் இல்லை" என்று திருப்பித் தந்தார்கள். அம்மா ஊர், டிவிசன் கதை எதுவும் அன்று வரவில்லை. தம்பி என்ற வார்த்தைகூட இல்லை. "வொரன்டி கம்பனிப் பிழைக்கு மட்டும்தான்" என்று பையன் ஒருவனை விட்டுச் சொல்ல வைத்தார். இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை.

கொட்டகலையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு வயதான பாஸ்தான் உண்மையைக் காட்டினார். அவர் பிரிட்ஜை ஓட விட்டு, இரண்டு இடத்தில் மீட்டரை வைத்தார். கம்பிரசர் எடுக்கிற நொடியில் பெட்டரி முனையில் 11.6, பிரிட்ஜ் பிளக்கில் 10.2. எங்கள் பிரிட்ஜ் 10.4க்குக் கீழே போனால் தன்னையே நிறுத்திக்கொள்ளும், 11.7 வந்தால்தான் திரும்ப எடுக்கும். நின்றவுடன் இழுவை இல்லாததால் வோல்ட் மேலே ஏறும், திரும்ப எடுக்கும், திரும்ப விழும். அந்தக் கிளிக் கிளிக் இதுதான். வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் கொடுக்கிற ஓல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் கொடுப்பதால் குறை வெளியே தெரியாது.

1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. வயரைப் பிரித்தார், ஸ்பீக்கருக்கு இழுக்கிற மாதிரி மெல்லிய வயர். நெகட்டிவ் வயரை பெயின்ட் சுரண்டாமல் வண்டியின் இரும்பு பொடியில் திருகியிருக்கிறார்கள், அதனால் மின் தொடர்பு சரியில்லை. பெட்டரி ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், 95டி31எல். அது வண்டி ஸ்டார்ட் பண்ணுகிற பெட்டரிக்குப் போடுகிற இலக்கம், 31 என்பது சென்ரிமீற்றரில் நீளம். ஸ்டார்ட்டர் பெட்டரிக்குத் தகடு மெல்லிசு, சில நொடிக்குப் பலமாகக் கொடுக்கத்தான் செய்தது. இரவிரவாக அடிவரை இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். 8,000 ரூபாய் 'கார்ட்' பெட்டிக்குள் ஒரு சுவிட்சும் சின்ன வோல்ட் மீட்டரும் மட்டும்தான்.

இதையெல்லாம் விட என்னால் பொறுக்க முடியாதது, பெட்டரிக்குப் பக்கத்தில் பியூஸே போடவில்லை. வயர் எங்காவது உரசி பொடியில் பட்டிருந்தால் தீதான். அந்தக் குழந்தை அந்த பெட்டரிக்கு மேல் போட்ட மெத்தையில் தூங்கியது. 118,000 வாங்கியும் ஒரு பியூஸ் போட மனசு வரவில்லை.

வாங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சில விஷயம். சும்மா இருக்கிற பெட்டரியில் காட்டுகிற 12.7, 12.8ஐ நம்பாதீர்கள், பிரிட்ஜ் எடுக்கும்போது பிரிட்ஜ் பிளக்கில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கருக்கு அடியில் நகத்தை விட்டுப் பாருங்கள். பில்லில் பெட்டரி வகையையும் வயர் எத்தனை சதுர மில்லிமீற்றர் என்பதையும் எழுதி வாங்குங்கள், எங்கள் பில்லில் 'பெட்டரி செட்' என்று மட்டும்தான் இருக்கிறது. பியூஸ் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள்.

நாங்கள் கொடுத்துவிட்டோம். இதே மாதிரி ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டின பெட்டரி உங்களிடமும் இருந்தால், படத்தையும் பில்லையும் எனக்கு அனுப்புங்கள், எங்கள் கோப்போடு சேர்த்துக் கொடுக்கிறேன்.